இனிமே நீங்க பாத்துக்குங்க

"நான் போறேன். இனிமே நீங்க பாத்துக்குங்க."

காருக்குள் ஒலித்தது ஹேமலதாவின் குரல். பதிவு செய்த குரல். தானாக ஓடுகிற அந்தக் கார், நெரிசல் வந்தால் இப்படிச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை டிரைவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைக்கவில்லை. நெல்லித்தோப்பில் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

டிரைவர் கோவிந்தராசுவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை சிவப்பாக எரிந்தது. மனசு படபடக்கிறவர் கையில் கார் தன்னைத் தராது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பட்டை.

"இது என்னா, தானா ஓடற வண்டியா, தானா நிக்கிற வண்டியா?" ஸ்கூட்டரில் போனவர் கேட்டுவிட்டுப் போனார்.

பின்சீட்டில் இருந்த புருஷோத்தமனுக்கு முகம் கடுத்தது. காரைச் சோதித்துப் பார்க்கிற சேதராப்பட்டு கம்பெனியின் மேனேஜர் அவர்.

"தினமும் இதே கதை, கோவிந்தராசு. ஸ்டியரிங் பிடிக்க இவ்ளோ பயமா? நாளையிலேருந்து வேற ஆளப் போட்டுக்கறேன்."

"சரிங்க சார்."

முன்சீட்டில் இருந்த இன்ஜினியர் ஹேமலதா திரும்பினாள். "மில்லுல லாரி ஓட்டினவரு சார். இவருக்கா பயம்?"

"பட்டை பொய் சொல்லுமா?"



சிவப்பு மஞ்சளுக்கு இறங்கியதும் கார் மறுபடி தானாகக் கிளம்பியது. கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. செக்கப்புக்காக ஹேமலதா வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள்.

"போயிட்டு வரேண்ணே."

"நல்லபடியா போயிட்டு வாம்மா."

புருஷோத்தமன் தற்செயலாகப் பட்டையைப் பார்த்தார். பச்சை.

"இவ்ளோ நேரம் உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். வேற ஆளயே போட்டுக்குங்க."

"சொல்லுங்க கோவிந்தராசு."

ஹேமலதா உள்ளே போய்விட்டாளா என்று பார்த்துக்கொண்டார் கோவிந்தராசு.

"மில்லு மூடி வீட்டுல குந்தினு இருந்தப்ப, கூப்ட்டு இந்த வேலைய வாங்கிக் குடுத்த புள்ள சார். எவ்ளோ கோயிலு ஏறி எறங்கி இப்பதான் மாசமா இருக்கு. அது குரல்லயே, 'நான் போறேன், இனிமே நீங்க பாத்துக்குங்க'ன்னு தினமும் கேட்டா நெஞ்சு அடிச்சுக்காதா?"

"அவகிட்டயே சொல்லியிருக்கலாமே."

"புள்ளத்தாச்சிகிட்ட இத எப்பிடி சார் சொல்றது? சொன்னா அது மனசுல தங்கிடும். என் வேல போனா போவுது."

புருஷோத்தமன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹேமலதா, அந்த வாசகத்த மறுபடி பேசிக் குடும்மா. 'போயிட்டு வரேன்'னு ஆரம்பி."

"ஏன் சார், பழசுல என்ன தப்பு?"

கோவிந்தராசு பதறித் திரும்பினார். பட்டை சிவந்தது.

"தப்பு ஒண்ணுமில்லம்மா. பதிவுல இரைச்சல் ஜாஸ்தி."

பட்டை பச்சையானது.