இருக்கைக்குக் கீழே

ஓட்டுபவரையும் சேர்த்து வண்டி தொள்ளாயிரம் கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது அந்தப் பந்தயப் பிரிவின் விதி. போன தை வரைக்கும் திருமேனி ஏறி உட்கார்ந்தாலே எடைமேடையின் முள் அதைத் தாண்டிவிடும். அப்புறம் நோயோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் ஆள் உருகிக்கொண்டே வந்தார். குறைந்த எடையை ஈடுகட்ட, ஒவ்வொரு பந்தயத்துக்கும் மெக்கானிக் சலேத் இருக்கைக்கு அடியில் ஐந்து கிலோ ஈயத் தகடு ஒன்றைப் போல்ட் போட்டு முடுக்கினான். இதுவரை நான்கு. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இன்றும் ஐந்து கிலோ குறைந்தது. சலேத் தகட்டோடு வந்தான்; துளை போடும் மெஷினைக் கொண்டுவரவில்லை. தொளதொளத்த பந்தய உடுப்போடு திருமேனி குனிந்து பார்த்தார். ஐந்தாவது தகட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு அப்பாலும் துளைகள் பிசிறில்லாமல் வரிசையாக இருந்தன.

"என்னடா இது?"

"ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழட்டணுமேன்னு... ஒரேயடியாப் போட்டுட்டேண்ணே."

அவர் விரலை விட்டு எண்ணினார். ஐந்தாவது போக இன்னும் மூன்று தகட்டுக்கு இடமிருந்தது.

"மூணு போதும்னு நெனச்சியாடா?"

சலேத் ஸ்பேனரைத் தேடத் தொடங்கினான். அது அவன் கையில்தான் இருந்தது.