மேகனுக்கு நாலு, ஷனீஸுக்கு நாலு

"தொடாதே அக்கா! அது மேகனோட போன்!"

சோளமாவு ஒட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள் டோனெட். தங்கை ஷனீஸ் பாய்ந்து வந்து, மேசை மேலிருந்த இரண்டு போன்களில் சின்னதை எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம், மேகன் ஓல்சன் பேசுகிறேன்." குரல் மெலிந்து, வாக்கியம் முடியும் இடத்தில் லேசாக மேலே ஏறியது. "ஓ, மிக்க நன்றி! ஆனால் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேனே. மன்னிக்கவும்."

போனை வைத்தாள். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஹூஸ்டனுக்கு எதிரே ஒரு கோடு போட்டாள்.

"அந்த வெள்ளைக்காரிக்கு உடம்பே கிடையாது. இந்த வீட்டுல ஒருநாள் பாத்திரம் தேய்ச்சதில்ல. அவளுக்கு மட்டும் எப்படிடி இத்தனை போன்?" என்றாள் டோனெட், கெளுத்தி மீனை மாவில் புரட்டியபடி.

"பேரு ராசி, அக்கா."

மில்வாக்கியில் ஷனீஸ் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பில் பிரிவை மூடிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. 'நம்ம கறுப்பு ஜனங்களுக்கு எந்த ஊர் நல்லது?' என்று சர்ச்சில் கேட்டால், ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். பத்திரிகைகளும் வருஷத்துக்கு ஒரு பட்டியல் போட்டன. ஷனீஸ் யாரையும் நம்பாமல் தானே ஒரு பரீட்சை வைத்தாள். ஐந்து ஊர்கள். ஊருக்குப் பத்து கிளினிக். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விண்ணப்பங்கள். அதே படிப்பு, அதே பதினோரு வருஷ அனுபவம். ஒன்றில், படித்ததுமே கறுப்பினத்தவள் என்று காட்டிக்கொடுக்கும் அவள் பெயர். இன்னொன்றில், படித்ததுமே வெள்ளைக்காரி என்று நினைக்க வைக்கும் பெயர்.

"ஹூஸ்டன் இப்போ எவ்வளவு?"

"மேகனுக்கு எட்டு. எனக்கு ரெண்டு."

"அட்லாண்டா? அங்க மேயரே நம்ம ஆளுடி!"

"மேகனுக்கு ஏழு, எனக்கு மூணு. வேலைக்கு மேயரா போன் பண்றாரு?"

டோனெட் சிரித்துவிட்டாள். "சரி, உன் செல்ல டாலஸ்?"

"நாலுக்கு நாலு." ஷனீஸ் அந்த வரியை விரலால் தடவினாள். "அதே நாலு கிளினிக். மேகனைக் கூப்பிட்ட ஒவ்வொரு இடமும் என்னையும் கூப்பிட்டுச்சு. மத்த ஆறும் ரெண்டு பேரையுமே கூப்பிடல."

"வேலை கிடைச்சா போதாதா? பேசாம மேகனாவே ஹூஸ்டன் போயேன்."

"போனா ரிட்டயர் ஆகற வரைக்கும் அவளாத்தான் இருக்கணும். முப்பத்தாறு வருஷமா ஷனீஸ்னா திரும்பிப் பார்த்தவ நான். என் பேரைச் சொல்லிட்டு, எதிராளி முகம் என்ன ஆகுதுன்னு பார்க்காம இருக்கணும் அக்கா. அப்படி ஒரே ஒரு ஊர் போதும்."

டோனெட் அடுத்த மீனை மாவில் புரட்டினாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. டாலஸை நம்பி, வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும்.

இப்போது பெரிய போன் அடித்தது. ஷனீஸின் சொந்த போன்.

"டாலஸ்!" என்று அவள் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"வணக்கம், ஷனீஸ். கிரான்ட் விட்மன் பேசுகிறேன். சென்ற வாரம் உங்களிடம் போனில் நேர்முகம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா?"

"கேட்டியா?" என்று கிசுகிசுத்தாள் டோனெட். "சுத்தமான வெள்ளைக்காரக் குரல். உன் பேரை எவ்வளவு அழகா சொல்றாரு!"

ஷனீஸ் அவள் வாயைப் பொத்தினாள். சோளமாவு இருவர் மேலும் உதிர்ந்தது.

"வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை சேரலாம்."

டோனெட் கையில் மீனோடு ஒரு சுற்று ஆடினாள். ஷனீஸுக்குக் கண் நிறைந்தது. "ரொம்ப நன்றி சார்!"

"ஒரு விஷயம். மேகன் ஓல்சன் என்றொருவரும் விண்ணப்பித்திருந்தார். அதே ஆஸ்பத்திரி. அதே பதினோரு ஆண்டுகள். மூன்றாவது வரியில் அதே எழுத்துப் பிழை."

ஆட்டம் நின்றது.

"சார், நான் விளக்கிச் சொல்றேன்..."

"தேவையில்லை. வேலை உங்களுடையதுதான். ஆனால் திங்கட்கிழமை மேகனாக வாருங்கள். சம்பளச் சீட்டில் உங்கள் பெயரே இருக்கட்டும். போனில், கடிதத்தில், அறைக் கதவில் மேகன்."

"எதுக்கு சார்? உங்க ஊர்ல நாலு கிளினிக் என் பேரைப் படிச்சிட்டுத்தானே கூப்பிட்டாங்க!"

"நான்கும் ஒரே முதலாளியுடையவை. யாரைக் கூப்பிட வேண்டும் என்று நான்குக்கும் பட்டியல் போடுவது நான் ஒருவன்தான்."

ஷனீஸ் குளிர்பெட்டியைப் பார்த்தாள். ஒரு ஊர் என்று அவள் நினைத்திருந்தது ஒரே ஒரு மனிதர்.

"அப்போ நீங்க என்னை என் பேர்லயே சேர்த்துக்கலாமே, விட்மன் சார்?"

மறுமுனையில் கதவு மூடும் ஓசை கேட்டது. பிறகு வந்த குரல் வேறாக இருந்தது. கனத்து, தாழ்ந்து, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச் வாசலில் கேட்கிற குரலாக.

"முடிஞ்சா செய்ய மாட்டேனா, தங்கச்சி? நம்ம முகத்தைப் பொறுத்துக்கற முதலாளி, நம்ம பேரைப் பொறுத்துக்க மாட்டார். எங்கம்மா எனக்கு வெச்ச பேரு டிமார்க்கஸ். பத்தொன்பது வருஷத்துல இன்னிக்குத்தான் அதை இந்த ஆபீஸ்ல வாய்விட்டுச் சொல்றேன், அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு."