விலை இறங்கியவரின் பெருமை

ஒரு கம்பெனியின் இரும்பு பீரோவில், ஒரே தட்டில் இருவர் குடியிருந்தார்கள். ஒருவர், கம்பெனி வாங்கிப் போட்ட, வேறொரு கம்பெனியின் பங்குப் பத்திரம். இன்னொருவர், கம்பெனி வெளியாரிடம் கடன் வாங்கியபோது எழுதிக்கொடுத்த கடன் பத்திரத்தின் நகல்.

மார்ச் கடைசியில் ஆடிட்டர் மிருணாளினி வந்தார். இன்றைக்குச் சந்தையில் என்ன விலை போகும் என்று விசாரித்து, இரண்டின் ஓரத்திலும் பென்சிலால் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

பங்குப் பத்திரம் நெஞ்சை நிமிர்த்தியது. "நூறு ரூபாய்க்கு வாங்கினார்கள். இப்போது நான் நூற்றிருபது. கம்பெனிக்கு இருபது ரூபாய் லாபம்!"

"வெறும் இருபதா?" என்று கடன் பத்திரம் சிரித்தது. "நான் நூறு ரூபாய்க் கடன். கடன் கொடுத்தவர் இன்றைக்கு என் அசலைச் சந்தையில் விற்கப்போனால் விலை அறுபதுதான். கடன் நாற்பது குறைந்துவிட்டதாகக் கணக்கு; அந்த நாற்பதும் லாபம். முதலாளி ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாரே, என் புண்ணியத்தில்தான்!"

பங்குப் பத்திரத்துக்கு முகம் சுண்டிப்போனது.

கேட்டுக்கொண்டிருந்த பீரோவுக்கு ஒரு சந்தேகம். "ஆமாம், உன் விலை ஏன் இறங்கியது?"

"இந்தக் கம்பெனி கடனை முழுசாகத் திருப்பித் தரும் என்று வெளியே யாரும் நம்பவில்லையாம்," என்றது கடன் பத்திரம், கொஞ்சமும் கூச்சப்படாமல். "அடுத்த மார்ச்சில் இன்னும் இறங்குவேன். ஒருநாள் பூஜ்யத்தைத் தொடுவேன். அன்றைக்குப் பாருங்கள், முழு நூறும் லாபம்!"

"ரொம்ப சந்தோஷம்," என்றது பீரோ. "அன்றைக்கு என் சாவி யார் கையில் இருக்கும்?"