பல்பு எங்கே தொங்கணும்?

கோழிக்கூட்டில் தரையோரம் தொங்கிய ஒரே குண்டு பல்புதான் எல்லோருக்கும் சூடு. அதை உச்சியில் மாட்டப்போவதாகத் தலைவர் சேவல், பல்பின் அடியில் சௌகரியமாக உட்கார்ந்து அறிவித்தது. சேவல் படுப்பது உச்சிக் கம்பில்.

"எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க, தலைவரே" என்றது புள்ளிக்கோழி. குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடுமே என்பது அதன் கவலை.

"கேட்டாப் போச்சு. வேண்டாங்கிறவங்க ரெண்டு இறக்கையையும் தூக்குங்க."

தாய்க்கோழிகளின் இறக்கைக்குள் குஞ்சுகள் தூங்கின. தூக்கினால் குளிருமே.

"ஒருத்தரும் தூக்கலை. அப்ப எல்லாருக்கும் சம்மதம்."

புள்ளிக்கோழி எழுந்து இறக்கையை விரித்தது. மற்றவையும் விரித்தன. விழித்த குஞ்சுகளெல்லாம் கதகதப்பைத் தேடி ஓடி, தலைவரின் வயிற்றடியில் புகுந்தன.

"நிதானமா எண்ணுங்க, தலைவரே. அதுவரைக்கும் பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க."

வயிறு கூச, சேவல் நெளிந்தது. "பல்பு அங்கேயே இருக்கட்டும். யாராவது வந்து இதுங்களை எடுங்கம்மா."