ஒரு நாள் முன்னதாக

“பக்கக் கண்ணாடியில என் மூஞ்சி தெரியுதா? தெரியலைன்னா உடனே நிறுத்திடணும். அவ்வளவுதான் பாடம்.”

சொல்லிவிட்டு தெல்மா வண்டியின் பின்னால் போய் நின்றாள். ஒளிரும் மஞ்சள் சட்டை, சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். வண்டியிலேயே தங்கி ஊர் சுற்றுகிறவர்களின் கிளப் இது; அதன் முகாம்களுக்கு அவள்தான் பொறுப்பாளர்.

ஓட்டுநர் இருக்கையில் மார்ஜரி. படுக்கை, அடுப்பு, கழிப்பறை என்று ஒரு வீட்டையே சுமக்கிற மோட்டார்ஹோம் அது. கணவர் டெரிக் இருந்தவரை அவர்தான் ஓட்டினார். அவர் செத்துப்போய் எட்டு மாதம். வீட்டிலிருந்து முகாம் நடக்கும் இந்த வயல் வரை மார்ஜரி தனியாக ஓட்டி வந்துவிட்டாள். முன்னால் போவது பிரச்சினை இல்லை.

ஆனால் கிளப்பில் ஒரு விதி உண்டு. எல்லா வண்டிகளும் வேலிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். தீப்பிடித்தால் நேராக ஓட்டிக்கொண்டு வெளியேற வசதி. அதாவது, வருகிற எல்லோரும் பின்னால் எடுத்தாக வேண்டும்.

பக்கத்து வண்டிக்காரர் க்ளைவ் மடக்கு நாற்காலியைப் போட்டு, டீக் கோப்பையோடு உட்கார்ந்தார். புதியவர்கள் வண்டியைப் பின்னால் எடுப்பதை வேடிக்கை பார்ப்பதைவிடப் பெரிய பொழுதுபோக்கு இந்த கிளப்பில் கிடையாது.

“மெதுவாம்மா. போன வாரம்தான் பெயிண்ட் அடிச்சேன்.”

மார்ஜரி இன்ஜினை அணைத்தாள்.

“என்னால முடியாது, தெல்மா. திங்கக்கிழமை ஒருத்தன் இந்த வண்டியை வாங்க வரான். பையன் ஏற்பாடு. பேசாம குடுத்துடுறேன்.”

“குடு. ஆனா ஒழுங்கா நிறுத்திட்டுக் குடு. நடு வயல்ல கோணலா நிக்கிற வண்டிக்கு எவன் காசு குடுப்பான்?”

“உங்களுக்கென்ன, சொல்றது சுலபம்.”

“ஆமா, சொல்றது சுலபம்தான்” என்றாள் தெல்மா. பிறகு திரும்பி, “க்ளைவ், உள்ள போய் டீ குடிங்க. இல்லேன்னா, முதல் வருஷம் நீங்க தண்ணிக் குழாயைப் பேத்து எடுத்த கதையைச் சொல்லுவேன்.”

“அது குழாய் வெச்சவன் தப்பு” என்று முனகியபடி க்ளைவ் எழுந்து போனார்.

“இப்ப யாரும் பாக்கல. வரலாம்… வரலாம்… இடது பக்கம் ஒடி. போதும், போதும். நேராக்கு.”

வண்டி கோணிக்கொண்டது. தெல்மா முன்னால் அனுப்பினாள். மறுபடி வந்தது, மறுபடி கோணியது. தெல்மாவின் குரல் ஒரு முறைகூட ஏறவில்லை. மழை தூறத் தொடங்கியும் அவள் குடை எடுக்கப் போகவில்லை. கடைசியில் வண்டி நேராக உள்ளே போய் நின்றது.

மார்ஜரி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். தெல்மா அதைப் பார்க்காததுபோல அடுத்த வண்டியை நிறுத்தப் போய்விட்டாள்.

சாயங்காலம் பொதுக் கூடாரத்தில் சூப் ஊற்றியதும் தெல்மா. விநாடி வினா நடத்தியதும் அவள்தான். ஜெனரேட்டர் சத்தத்துக்காகக் கைகலக்க இருந்த இரண்டு பேரை ஒரே மேசையில் உட்கார வைத்ததும் அவள்தான்.

“ஓய மாட்டாங்களா இவங்க?” என்று மார்ஜரி கேட்டாள்.

“ஓய்ஞ்சா கிளப் போச்சு” என்றார் க்ளைவ். “பழைய தலைவர் ஒரு நாய் குரைச்ச சண்டையில கோவிச்சுக்கிட்டுப் போனார். பாதிப் பேர் அவர் பின்னாலயே போயிட்டாங்க. ஒரு கிளப்பை உடைக்க ஒரு நாய் போதும். ஒட்ட வெச்சது தெல்மா.”

“தனியாவா?”

“தனியாத்தான். மாசம் ஒரு ஊர், ஒரு வயல். நாங்க எல்லாரும் வெள்ளிக்கிழமை வருவோம். அவ வியாழக்கிழமையே வந்துடுவா. முதல்ல வர்றவங்க வெறும் வயலைப் பாக்கக் கூடாதாம். நாம வர்றப்போ கொடி பறக்கும், கெட்டில் கொதிக்கும், அவ வண்டி கோடு போட்ட மாதிரி நிக்கும். என்ன மழையா இருந்தாலும் சரி.”

மார்ஜரி கூடாரத்தின் கோடியைப் பார்த்தாள். தெல்மா குப்பைப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் வேறு ஊர், வேறு வயல். வியாழக்கிழமை மதியம் மார்ஜரியின் வண்டி வாசலில் நுழைந்தது. பக்கத்து இருக்கையில் எலுமிச்சை கேக்.

அந்த நேரத்தில்தான் தெல்மாவின் வண்டி வேலியை நோக்கிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரே வீச்சு. திருத்தம் இல்லை, தயக்கம் இல்லை. மார்ஜரி இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தாள். என்றைக்காவது இப்படி ஓட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டியின் கதவு திறந்தது. இறங்கியவர் அந்த வயலுக்குச் சொந்தக்காரர் நெவில்.

மாட்டுக் கொட்டகை ஓரத்திலிருந்து தெல்மா வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். திரும்பியவள் மார்ஜரியைப் பார்த்து நின்றாள்.

“இன்னிக்கு வியாழக்கிழமை” என்றாள்.

“தெரியும். வண்டி வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பிட்டேன். க்ளைவ் டீக் கோப்பையோட வந்து உக்கார்றதுக்குள்ள நிறுத்திடலாம்னு ஒரு நாள் முன்னாடியே வந்தேன்.”

தெல்மா சாவியை மஞ்சள் சட்டைப் பையில் போட்டாள்.

“நானும் அதுக்குத்தான் வரேன், பதினோரு வருஷமா” என்றாள். “ஊருக்கு ஒரு நெவிலைப் பிடிச்சு வெச்சிருக்கேன். எனக்கு ரிவர்ஸ் வராது.”