கணவாய்க்குப் போன மாஸ்டர்

“ஆரும் பாக்காத இடத்திலை மீன் சாப்பிட்டா விரதம் முறியுமோ அம்மா?”

ஐந்து வயதில் பிரியந்தினி இப்படிக் கேட்டபோது விமலேஸ்வரி சிரித்துவிட்டுக் கத்தரிக்காயைத் தொடர்ந்து நறுக்கினாள். பதினேழு வருடம் கழித்து, குசினிக்குள் நிற்கும்போது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

யன்னலுக்கு வெளியே, வேலியோரம், கணவர் சிவகரன் மாஸ்டரும் பக்கத்து வளவு அழகம்மாவும் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

“விடியக்காலையில போங்க மாஸ்டர். அந்நேரம் கணவாய் அவ்வளவு நல்லா இருக்கும். ஒரு சனம் இருக்காது.”

“மெல்லக் கதையுங்கோ அழகம்மா. உள்ளுக்கை நிக்கிறவாவுக்குத் தெரிஞ்சா விடமாட்டா.”

விமலேஸ்வரியின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

மகள் பிரியந்தினிக்கு இது எட்டாம் மாதம். போன வருடம் ஒன்று தங்காமல் போயிற்று. இந்தப் பிள்ளையாவது சுகமாகப் பிறக்க வேண்டும் என்று புருசனும் பெண்சாதியும் அம்மனுக்கு நேர்ந்து, ஒரு மண்டலம் மீனும் இறைச்சியும் தொடுவதில்லை என்று விரதம் பிடித்திருந்தார்கள். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. அதற்குள் இந்த மனுசனின் நாக்குக்குக் கணவாய் மீன் பிரட்டல் கேட்கிறது.

விசுவமடுவில் இருந்து முல்லைத்தீவுக் கடற்கரை அவருக்கு ஒரு சைக்கிள் ஓட்டம். விடியவிடிய வள்ளம் கரைக்கு வரும். அங்கே சமைத்துக் கொடுக்கக் கூட்டாளிமாரும் இருக்கிறார்கள்.

அழகம்மாவை நினைக்கத்தான் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் வன்னிக்கு வந்தவர் அழகம்மா. கடைசி இடப்பெயர்வில், நடக்க மாட்டாமல் அழுத பிரியந்தினியை மூன்று நாள் தோளில் சுமந்து வந்தவரும் அவர்தான். அந்தப் பிள்ளைக்காகப் பிடித்த விரதத்தையா இவர் முறிக்கப் பார்க்கிறார்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் சிவகரன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் புதுப் பிரேக் கட்டை பூட்டினார்.

“எங்கை பயணம்?”

“சும்மா சைக்கிள் ஓடத்தான். ஞாயிறு பின்னேரம் வந்திடுவன்.”

“உந்த றோட்டெல்லாம் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கு. உதுக்கு என்னத்துக்குப் பிரேக்?”

“ஐம்பத்தாறு வயசுக்காரன் ஓடுற சைக்கிளுக்கு முதல் வேண்டியது பிரேக்தானப்பா,” என்று அவர் சிரித்தார்.

கேட்டுவிடலாம் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மகள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். விரதம் முறிகிற கதை பிள்ளைத்தாய்ச்சியின் காதில் விழக் கூடாது.

அவர் போனதும் விமலேஸ்வரி கோயிலுக்குப் போனாள். “அவர் தின்னுறதுக்கு நான் பட்டினி கிடக்கிறன் தாயே. பிள்ளையிலை கோவிச்சுப் போடாதை,” என்று சொல்லிவிட்டு வந்தாள். சனியும் ஞாயிறும் பச்சைத் தண்ணீர்தான். மகளுக்கு, வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தாள்.

ஞாயிறு பின்னேரம் சிவகரன் வந்து சேர்ந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. நடை கொஞ்சம் நொண்டியது. ஆனால் இளந்தாரி மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

“என்னப்பா, வாடிப்போய் நிக்கிறீர்? சாப்பிடேல்லையோ?”

“நீங்கள் கணவாய் திண்ட பாவத்துக்கு ரெண்டு நாளாப் பட்டினி கிடக்கிறன். வேலிக்கரையிலை கதைச்சதெல்லாம் எனக்குக் கேட்டது.”

சிவகரன் முழித்தார். பிறகு கதிரையில் விழுந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

“நான் கணவாயைத் தின்னேல்லையப்பா. அதுக்குள்ளாலை சைக்கிள் ஓடினனான்.”

அழகம்மா பிறந்த பக்கத்தில், இரண்டு மலைக்கு நடுவே போகிற பாதைக்கும் அதுதான் பெயராம். சைக்கிளை பஸ்ஸில் ஏற்றி, வவுனியாவில் பஸ் மாறி, மாத்தளையில் இறக்கி, அங்கிருந்து மிதித்திருக்கிறார்.

“ரெண்டு பக்கமும் கல்லுமலை. கீழை ஆறு. நடுவிலை ஒடுங்கின ஒரு றோட்டு. ஒரு வாகனம் இல்லை. நான் மணி அடிச்சா மலை திருப்பி அடிக்குது. ஏத்தத்திலை இறங்கி உருட்டினனான். இறக்கத்திலை, புதுக் கட்டை ரெண்டும் தேஞ்சு போச்சு.”

விமலேஸ்வரிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. மனதுக்குள் அழகம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கோப்பையில் சோற்றைப் போட்டாள்.

“பிறசருக்குக் குளிசை போடுற ஆள், ஒரு றோட்டைப் பாக்கவோ அவ்வளவு தூரம் போனனீங்கள்?”

சிவகரனின் சிரிப்பு அடங்கியது. எழும்பி யன்னலால் பக்கத்து வளவைப் பார்த்தார். அங்கே அழகம்மா தன் பாட்டில் விறகு முறித்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கணவாய் முடியிற இடத்திலை, ஒரு பிலாமரத்துக்குக் கீழைதான், அவான்ரை தாயைத் தாட்டது. வழி சொல்லேக்கை வாய் தவறிச் சொன்னவா. கலவரத்திலை இவை ஓடி வந்தாப்பிறகு அங்கை ஒருத்தரும் போகேல்லை. பத்தையை வெட்டிக் குழிமேட்டைத் துப்புரவாக்கி, ஒரு விளக்குக் கொளுத்திப்போட்டு வந்தனான்.”

விமலேஸ்வரி சோற்றுக் கோப்பையை அவர் முன் வைத்தாள். அவர் அதை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

“அவாவுக்குச் சொல்லாதையும்.”