சத்தமில்லாத அறை

ஏசியை நிறுத்தியாகிவிட்டது. அப்படியும் தம்பி காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இப்பப் பரவாயில்லையாடா?” என்று குனிந்து கேட்டாள் அக்கா. அவன் இன்னும் இறுக்கமாகப் பொத்திக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மணி பத்தே முக்கால். பன்னிரண்டு வரை இந்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டால் வேலை அவனுக்கு. பழைய கோப்புகளில் பக்கம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஐநூறு பக்கத்தில் ஒன்று குறைந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் இதற்கு முன் இரண்டு இடங்களிலிருந்து முதல் நாளே எழுந்து ஓடிவிட்டான். இரண்டு இடத்துக்கும் அக்காதான் கூடவே போய், பக்கத்தில் நின்று, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்றுதான் இந்த அறையையே அவள் வடிவமைத்திருந்தாள். தம்பியைப் போன்ற எட்டுப் பேர் உட்கார்ந்து வேலை பார்க்க அந்த அலுவலகம் கேட்ட அறை. சுவர் முழுக்கத் தடித்த துணி, தரையில் கம்பளம், கதவு விளிம்பில் ரப்பர் பட்டை. குண்டூசி விழுந்தால் கேட்கும் என்பார்கள், இங்கே அதுவும் கேட்காது.

அவள் கட்டடக் கலை படித்ததே அவனுக்காகத்தான். சின்ன வயதில் அவள் பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான். “கதவைத் திறந்தா தெருச் சத்தம் உள்ள வருதுல்ல, அதான்” என்பாள் அம்மா. சாப்பிடும்போது எழுந்து ஓடினால் மிக்ஸி, சாயங்காலம் ஓடினால் பக்கத்து வீட்டு மோட்டார். அம்மாவிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

சத்தமே இல்லாத ஓர் அறை கட்ட வேண்டும். அதில் தம்பியோடு உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் பேச வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். இரண்டாவது மாடியிலிருந்த எலக்ட்ரீஷியன் இறங்கி வந்தார். யாரையும் போன் போட்டுக் கூப்பிட வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை.

“இந்த லைட்டுக்குள்ள ஏதோ இரையுதுண்ணே. நமக்குக் கேக்கல, அவனுக்குக் கேக்குது.”

“எல்இடி லைட்டும்மா. அது எங்க இரையும்?” என்றார் அவர். இருந்தாலும், ஜன்னல் வெளிச்சம் இருக்கிறதே என்று கழற்றினார். மூலையிலிருந்த குடிதண்ணீர் மெஷினின் ஒயரையும் பிடுங்கினார். அவள் தன் கைக்கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, கழற்றிப் பைக்குள் திணித்தாள். ஒவ்வொன்றுக்கும் “இப்ப சரியாடா?”, “இப்ப?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கை இறங்கவில்லை.

தம்பியின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா, “நீ கொஞ்ச நேரம் வெளிய இரேன்டி” என்றாள்.

“நான் போயிட்டா யாரும்மா கண்டுபிடிக்கிறது?”

நடைபாதையில் இருந்த மெயின் பாக்ஸைப் பார்க்க எலக்ட்ரீஷியனோடு போனாள். அவசரத்தில் அறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டாள். பெட்டியின் மூடி இறுகிப்போயிருந்ததால் அவர் சுத்தியலால் நாலு தட்டு தட்டித்தான் திறந்தார். ஒரு சுவிட்சை அணைத்தார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இருபது வருஷம் தேடியது கிடைத்துவிட்டது.

“பாத்தியாடா! அக்கா கண்டுபிடிச்சிட்டேன்டா!” என்று உள்ளே ஓடினாள்.

கோப்பு கீழே விழுந்தது. கை பழையபடி காதுக்குப் போய்விட்டது. தம்பி எழுந்து சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டான்.

மணி பதினொன்றரை. அலுவலக மேலாளர் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். தணிந்த குரலில் பேசுகிற, ஐம்பது வயதுப் பெண்மணி.

“எல்லா மெஷினையும் பாத்தாச்சு. எந்தச் சத்தம்னு அவரைக் கேட்டீங்களா?”

“அவனால அதெல்லாம் சொல்ல முடியாது மேடம். எதா இருந்தாலும் எங்க அம்மாதான் சொல்வாங்க. எனக்கு…” என்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எனக்கு ஒண்ணுமே புரியல மேடம்.”

அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் தம்பியின் கைகள் மெல்ல இறங்கின.

மேலாளர் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “தம்பி, எந்தச் சத்தம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?”

“வேண்டாங்க, அவன்கிட்டக் கேக்காதீங்க” என்று அம்மா பதறிப்போய் எழுந்தாள்.

யாராவது ஒன்று கேட்டுவிட்டால் மறைத்துப் பேச அவனுக்குத் தெரியாது. யார் முகத்தையும் பார்க்காமல், கம்பளத்தைப் பார்த்தபடி சொன்னான்.

“அக்கா பேசுற சத்தம். சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க.”